கைப்பிடி மேல் ஒரு வரப்பு

விமானத்தில் தரும் மெல்லிய போர்வையை என்ன செய்வது என்பதில் உலகத்தாருக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பலர் போர்த்திக்கொள்வார்கள், சிலர் முதுகுக்கு வைத்துக்கொள்வார்கள், இன்னும் சிலர் இறங்கும்போது பைக்குள் திணித்துக்கொள்வார்கள். அதை இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலிருந்த கைப்பிடியின் மேல் நீளவாக்கில் வைத்து, சேற்றை அணைத்து வரப்பு வைப்பதுபோல உள்ளங்கையால் நாலு தட்டு தட்டியவர் எனக்குத் தெரிந்து என் மாமியார் ஒருவர்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இரண்டு மாடி விமானத்தின் கீழ்மாடியில், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அப்படித்தான் கிளம்பினோம்.

மாமியார் குத்தாலத்துக்காரர். எனக்குக் கல்யாணமாகி அந்தப் பயணம் வரைக்கும் அவர் என் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் கூடத்துக்குள் நுழைந்தால் எழுந்து சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். என்னிடம் நேராகப் பேசவும் மாட்டார். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். எனக்குக் கேட்கும். ஆனாலும் மனைவி திரும்பச் சொல்லும்வரை காத்திருந்து, "போதும்னு சொல்லு" என்பேன். மனைவி இல்லாவிட்டால் மாமனார் வழியாகப் பேச்சு நடக்கும். அவரும் வயலுக்குப் போயிருந்தால் பூனைதான். ஒருநாள் மாமியார் பூனையைப் பார்த்து, "வெந்நி ஆறிப்போவுது, குளிச்சிட்டா தேவலாம்" என்றார். பூனை குளிக்கிற ஜாதியில்லை என்பதால் நான் எழுந்து போனேன். இதில் கோபமோ வருத்தமோ ஒன்றும் கிடையாது, முழுக்க முழுக்க மரியாதை. என் நண்பர்களின் மாமியார்கள் மாப்பிள்ளைகளோடு கேரம் ஆடுகிறார்கள். எனக்கு வாய்த்தவர் பழைய பதிப்பு.

லண்டனில் என் மனைவி அப்போது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு அவளால் தாய்வீட்டுக்கு வர முடியாததால், தாயை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான் ஊருக்கு வந்தேன். மாமனாரையும் கூப்பிட்டோம். சம்பா அறுப்பை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று கேட்டு, ஊரிலேயே இருந்துவிட்டார். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, காலில் நரம்பு சுருட்டல் வேறு. தஞ்சாவூரில் டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரே இடத்துல உக்காரக் கூடாது. அடிக்கடி எழுந்து நடக்கணும், நிறையத் தண்ணி குடிக்கணும். இல்லன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும்" என்றார். சொன்னது மாமியாருக்கு, முறைத்தது என்னை. மனைவி போனில் இன்னும் தெளிவாகச் சொன்னாள். "அம்மா நடந்து வந்து சேரணும். ஆஸ்பத்திரியில படுக்கிற மாதிரி ஆச்சுன்னா நான் அம்மாவைப் பாக்கிறதா, புள்ளையைப் பாக்கிறதா?" அவளுக்கு அங்கே வேறு யாரும் இல்லை. மாமியாரின் இரண்டு கால்களுக்கும் நான்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை கவலையில்லாமல் கழிந்தது. அவருக்குப் பக்கத்தில் நாகூர்க்கார அம்மா ஒருவர் அமைந்தார், எனக்கு நடைபாதைக்கு அந்தப் பக்கம் இடம். சிக்கல் பெரிய விமானத்தில்தான் வந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது குத்தாலத்துக் கல்யாண மண்டபத்தை அப்படியே உள்ளே வைக்கலாம் போலிருந்தது. உள்ளே போனால் ஆளுக்கு ஒதுக்கியிருந்த இடம் பந்தியில் ஒரு இலைக்கு விடும் இடத்தைவிடக் குறைவு. அத்தனை பெரிய வண்டியைச் செய்தவர்களுக்கு மனிதனுக்கு முழங்கால் என்று ஒன்று உண்டு என்பது கடைசிவரை ஞாபகம் வரவில்லை போலும். எங்கள் வரிசைக்கு வந்ததும் மாமியார் நின்றுவிட்டார். ஒட்டி ஒட்டிக் கிடந்த மூன்று இருக்கைகளையும் பார்த்தார். நடைபாதை ஓரத்தில் ஏற்கெனவே ஆஜானுபாகுவான ஒரு வெள்ளைக்காரர், வெள்ளைத் தாடியோடு, உட்கார்ந்திருந்தார். அந்நிய ஆண் பக்கத்தில் உட்காருவதா, மாப்பிள்ளை பக்கத்தில் உட்காருவதா என்ற கேள்வி மாமியார் முகத்தில் ஓடியது. பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கவே, ஜன்னலோரம் போய் அரை இருக்கையில் ஒண்டிக்கொண்டு, அந்த வரப்பைப் போட்டார்.

என் இடதுபக்கம் வெள்ளைக்காரரின் தோள் பொங்கி வழிந்து என் எல்லைக்குள் வந்திருந்தது. வலதுபக்கம் வரப்பில் என் முழங்கை பட்டுவிடக் கூடாது. நான் முக்கால் ஆளாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தேன். பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள், மாமியார் வேண்டாம் என்று தலையாட்டினார். பழரசம் வந்தது, அதுவும் வேண்டாம். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டி வரும், போகவேண்டுமென்றால் மாப்பிள்ளையின் காலைத் தாண்ட வேண்டும். அதற்குப் பதில் லண்டன் வரைக்கும் தாகத்தோடு வந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். குனிந்து பார்த்தேன். பாதம் வீங்கி, மெட்டி விரலுக்குள் பதியத் தொடங்கியிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லலாம் என்றால் யார் மூலமாகச் சொல்வது? முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் மனைவியும் இல்லை, மாமனாரும் இல்லை, பூனைகூட இல்லை.

வழியை அவரே கண்டுபிடித்தார். முன்னால் சாய்ந்து, என்னைத் தாண்டி, அந்த வெள்ளைக்காரரைப் பார்த்து, "அண்ணே, மாப்பிள்ளையைக் காலை நல்லா நீட்டிக்கச் சொல்லுங்க. எனக்காகக் குறுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார். அந்தக் கணத்தில் அந்த மனிதர் என் மனைவிக்குத் தாய்மாமன் ஆனார். அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். நானும் பழக்க தோஷத்தில் அவர் பக்கம் திரும்பி, "எனக்கு ஒன்னும் இல்ல, அத்தையைத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு அவர் என்னையே பார்த்தார். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தன் மாமியாரும் தன்னோடு பல வருஷம் பேசியதில்லை என்றும், ஆனால் அதற்குக் காரணம் மரியாதை இல்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் தாய்மாமன் வேலையை ஒழுங்காகப் பார்த்தார். தண்ணீர்க் குவளையை நான் அவரிடம் கொடுப்பேன், அவர் அதை என் மூக்குக்கு முன்னால் நீட்டி மாமியாரிடம் கொடுப்பார். அண்ணன் கொடுத்ததை எப்படி மறுப்பது? அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்து நடைபாதையில் நின்றார், நானும் எழுந்து விலகினேன், யார் காலையும் தாண்டாமல் மாமியார் வெளியே வந்தார். கண்டாங்கிச் சேலை முன்னால் போக, அந்த மலை போன்ற மனிதர் பின்னால் கைகட்டிக்கொண்டு, கடைசி வரிசை வரை போய் வந்தார்கள். மற்ற பயணிகள் இடம் விட்டு ஒதுங்கினார்கள். நான் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

நிம்மதி சாப்பாடு வரைதான். சாப்பிட்டதும் அண்ணன் என் தோளில் தலைசாய்த்துக் குறட்டைவிடத் தொடங்கினார். எழுப்ப மனம் வரவில்லை. மாமியார் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். திடீரென்று உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அண்ணனைப் பார்த்தார், அண்ணன் வேறு உலகத்தில் இருந்தார். வரப்பைப் பார்த்தார். பிறகு, ரொம்பத் தாழ்ந்த குரலில், "மாப்ள, கெண்டைக்கால் இழுக்குது" என்றார்.

என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் யோசிக்கவில்லை. வரப்பைத் தூக்கி அவர் பக்கம் போட்டுவிட்டு, அவர் காலை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். கல்லாக இறுகியிருந்தது. மாமியார் சட்டென்று அந்தப் போர்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து, "ஐயோ, விடுங்க மாப்ள" என்றார். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில், "இன்னுங் கொஞ்சம் கீழ" என்றார். தசை தளர்ந்து கால் என் கையில் கனத்தபோது எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

லண்டனில் அவர் நடந்தே வெளியே வந்தார். வாசலில் நின்ற என் மனைவி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் முதலில் காலைத்தான் பார்த்தாள். அண்ணன் விடைபெறும்போது பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று கொடுத்தார். மாமியார் அதைத் தாய்மாமன் சீராகவே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெண் குழந்தை பிறந்தது. அடுத்த முறை குத்தாலத்துக்குப் போனபோது ஆசையோடு கூடத்துக்குள் நுழைந்தேன். மாமியார் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். "மாப்பிள்ளைக்குக் காபி ஆறுதுன்னு சொல்லு" என்ற குரல் வந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் விலகி நிற்க அவ்வளவு இடம் இருந்தது, வேறென்ன சொல்ல.

மாமனார் போன வருஷம் தவறிவிட்டார். அந்தப் பெரிய வீட்டில் மாமியாரும் பூனையும் மட்டும். கொஞ்ச காலம் எங்களோடு இருக்கட்டும் என்று இந்த முறையும் நான்தான் போய் அழைத்துவந்தேன். இப்போது மனைவி கைநிறையச் சம்பாதிக்கிறாள். அம்மாவின் காலை நினைத்து, அவருக்கு மட்டும் மேல்மாடியில், படுத்துக்கொண்டே வரும் இருக்கையை வாங்கிவிட்டாள். எனக்கு வழக்கம்போல் கீழ்மாடி. மாமியாரை மேலே உட்காரவைத்துவிட்டு வந்தேன். என் பக்கத்து ஜன்னலோர இருக்கை காலியாக இருந்ததால், முழு ஆளாக விரிந்து உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்த சமயம், மாடிப்படி வழியாக மாமியார் இறங்கி வந்தார். பின்னால் அவருடைய பையையும் தடிமனான ஒரு போர்வையையும் சுமந்துகொண்டு பணிப்பெண். நான் பதறி எழுந்தேன். "மேல கட்டில் மாதிரி இருக்கு மாப்ள. குறை ஒன்னும் சொல்ல முடியாது. ஆனா சுத்திலும் தடுப்பு வச்சு மறைச்சிருக்காங்க. வீட்டுலதான் தனியாக் கெடக்கிறேன், இங்கயுமா?" என்றார். நான் விலகி நின்றேன். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

போர்வையை வாங்கிச் சுருட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. பழைய பழக்கத்தில் என் முழங்கையை இழுத்துக்கொண்டேன். கைப்பிடியின் மேல் அதை வைத்தார், ஒரு தட்டு தட்டினார். பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்துக் கீழே போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டார்.

"கையை வைங்க மாப்ள. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு."

கைப்பிடி பழைய அகலம்தான். வைத்தேன். இருந்தது.