என் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள்

எங்கள் வாலிபால் கிளப்பில் நான் சுமாரான ஆட்டக்காரன். ஆனால் போஸ்டர் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அது பெரிய வித்தையும் இல்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் விடிவதற்குள் படம் தயார். ஜெயித்தால், கோப்பையைத் தூக்கிய கை இறங்குவதற்குள் படம் எல்லோருடைய போனிலும் இருக்கும். பந்தைத் தவறவிட்டவனையும் விட்டதில்லை. அவன் வாயைப் பிளந்து நிற்கும் நொடியைப் பிடித்து, மேலே நக்கலாக ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவேன். போடட்டுமா என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

என்னிடம் அதிகமாக மாட்டியவன் எங்கள் டீமின் செட்டர்தான். அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது ஆட்டத்தில் அவன் வேலை. கீழ்பென்னாத்தூரில் உரக்கடையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் வந்துவிடுவான். ஆட்டம் நீண்டுபோனால் அவன் மனைவி எனக்குக் கூப்பிடுவார். "அண்ணா, ஆட்டம் முடிஞ்சிடுச்சாங்களா? வரும்போது தக்காளி வாங்கியாரச் சொல்லுங்க." அப்படித்தான் அவர் நம்பர் என்னிடமும் என் நம்பர் அவரிடமும் இருந்தது.

அந்த ஞாயிறு பௌர்ணமி. இரண்டாவது செட் பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவன், பாட்டிலைத் திறக்காமலேயே உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்தான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியிலேயே அவன் மனைவிக்கு நான்தான் போன் செய்தேன். "மயங்கி விழுந்துட்டாம்மா. பயப்படாதீங்க, கெளம்பி வாங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, "பஸ் ஏறிட்டேண்ணா" என்றார். அந்தப் பேச்சு முடிந்த சூட்டோடு டாக்டர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்.

எங்கள் கேப்டன் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். கலெக்டர் ஆபீஸில் வேலை. "இத போன்ல சொல்லக்கூடாதுடா. அந்தப் பொண்ணு பஸ்ல தனியா வருது. பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டம், பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. என் வீட்டுக்காரிய கூட்டிக்கினு அங்க போய் நிக்கிறேன். நேர்ல சொல்லிக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கைதான் சும்மா இருக்கவில்லை. முந்தின மாதம் கோப்பையோடு அவன் சிரித்த படத்தை எடுத்தேன். கோப்பையை வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் வைத்து, கறுப்புப் பின்னணியில் 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதினேன். கீழே கிளப் பெயர். எழுத்து நடுவில் வரவில்லை என்று இரண்டு முறை நகர்த்திக்கூட வைத்தேன். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. குரூப்பில் போட்டேன். ஸ்டேட்டஸிலும் வைத்தேன். எங்கள் ஆளைப் பற்றி நாங்கள்தானே முதலில் போட வேண்டும் என்கிற பழக்கம், அவ்வளவுதான்.

சற்றுப் பொறுத்து, யார் யார் பார்த்தார்கள் என்று தொட்டுப் பார்த்தேன். இருபது பேர் இருப்பார்கள். அதில் ஒன்று அவன் மனைவியின் பெயர். உடனே அழித்தேன். அழித்து என்ன செய்ய.

பஸ் வந்து நின்றதும் அவர் தானாக இறங்கவில்லையாம். கிரிவலத்துக்கு வந்த யாரோ இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்களாம். தான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை என்று கேப்டன் பிறகு சொன்னார்.

அடுத்த வாரம் கிரவுண்டில் வலை கட்டவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து கேப்டன் பேசினார். "இனிமே நல்லதோ கெட்டதோ, சம்பந்தப்பட்டவங்கள கேக்காம ஒரு படம் போகக்கூடாது." யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

காரியம் முடிந்த பிறகு கீழ்பென்னாத்தூர் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், வேறு எதற்கும் போகவில்லை. அவன் மனைவி கத்துவார் என்று நினைத்துப் போனேன். அவர் கத்தவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நீங்க வேணும்னு செய்யலண்ணா, எனக்குத் தெரியும்" என்றார். "அந்தப் படத்த பாத்தப்போ நான் நம்பவே இல்ல. எப்பவும் அவர வெச்சு ஏதாவது கிண்டலா போடுவீங்களே, இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். இப்படியா வெளையாடுவாங்கன்னு உங்க மேல செம கோவம். அதான் உங்களுக்குப் போடாம அவருக்கே போன் போட்டேன். ரிங் போச்சு. போட்டுக்கினே வந்தேன். ஒவ்வொரு தடவையும் ரிங் போச்சுண்ணா. ரிங் போகுதே, இப்ப எடுத்துடுவாரு, எடுத்துடுவாருன்னு இருந்தேன். பஸ் நிக்கிறப்பதான் இனிமே எடுக்க மாட்டாருன்னு புரிஞ்சிது."

அவன் போன் என் சட்டைப்பையில் இருந்தது. அன்று நான் ஆடாமல் வெளியே இருந்ததால், ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் கொடுத்துவைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் நான் என் போனில், வரிசையாக வந்த இரங்கல்களுக்குக் கைகூப்பும் பொம்மையைப் பதிலாக அனுப்பிக்கொண்டிருந்தேன். தொந்தரவாக இருக்கிறது என்று, கூப்பிடுவது யார் என்றுகூடப் பார்க்காமல், அதை எடுத்துப் பெஞ்சின் அந்தக் கோடியில் தள்ளி வைத்தேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.