கரும்பலகையில் "சார்"

கரும்பலகையின் ஓரத்தில், பேசியவர்களின் பெயர்களுக்கெல்லாம் மேலே, "சார்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் மூன்று பெருக்கல் குறிகள். எழுதியவள் என் மூன்றாம் வகுப்பின் லீடர். எதற்கும் தேதி எழுதிவைக்கிற எனக்கு அந்த நாளைக் குறித்துவைக்க மட்டும் கை வரவில்லை. ஜூலை மாதத்து வியாழக்கிழமை, தாம்பரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நின்ற வாரம் என்பது வரை நினைவிருக்கிறது.

கம்பெனி வேலையை விட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்திருந்தேன். பிள்ளைகளைச் சமாளிப்பது பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருந்தேன். கைதட்டி அமைதியாக்குவது, சின்ன மணி, சிரித்த முகம் வரைந்த அட்டை எல்லாம் கைவசம் இருந்தன. ஜூன் முடிவதற்குள் அவை பலிக்காமல் போய், நான் கத்த ஆரம்பித்திருந்தேன். பிறகு, நான் படித்த காலத்தில் இருந்த வழிக்கே திரும்பினேன். சத்தம் போடுகிறவர் பெயரை லீடர் பலகையில் எழுதுவாள். மறுபடி சத்தம் போட்டால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெருக்கல் குறி. மூன்று விழுந்தால் வராந்தாவில் நிற்க வேண்டும். "யாரா இருந்தாலும் எழுதும்மா, பயப்படாத" என்று அவளிடம் சொன்னதும் நான்தான்.

அன்று தலைமையாசிரியை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்பதை அந்த ஒரு வகுப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி பாடம் சொன்னேன்; நடுநடுவே அளவுகோலைத் தட்டி "சைலன்ஸ்" என்று கத்தினேன். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பதைக் கண்டு திரும்பியபோதுதான் பலகையைப் பார்த்தேன்.

"சார் பேர எதுக்கும்மா எழுதின?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"சார்தான் மிஸ் ரொம்ப சத்தம். யாரா இருந்தாலும் எழுதச் சொன்னாரு." அவள் முகத்தில் குறும்பு துளியும் இல்லை. நான் டஸ்டரை எடுத்தேன். "அழிக்கக் கூடாது சார். மூணு க்ராஸ் வந்துடுச்சு."

"லீடர் சொல்றாங்கல்ல சார்" என்றார் தலைமையாசிரியை.

வெளியே போய் நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்து நிற்பதா, நடைவழியைப் பார்த்து நிற்பதா என்றும் தெரியவில்லை. தண்ணீர் குடிக்க வந்த ஐந்தாம் வகுப்புப் பையன்களில் ஒருவன் நின்று, "இன்னா சார், ஹோம்வொர்க் எழுதலயா?" என்றான். உள்ளே என் பாடத்தைத் தலைமையாசிரியை தணிந்த குரலில் நடத்திக்கொண்டிருந்தார். வேறு சத்தமே இல்லை. எத்தனை பிள்ளைகளை இதே இடத்தில் நிறுத்தினேன் என்று எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் லீடர் வாசலுக்கு வந்தாள். "உள்ள வாங்க சார். இனிமே கத்த மாட்டேன்னு சொல்லுங்க." நான் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள்.

வேலை நிலைத்தது. ஏன் வைத்துக்கொண்டார் என்று தலைமையாசிரியை சொல்லவில்லை; கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.

இப்போது புதிதாக வரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். போன சனிக்கிழமை, பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, "சார், ரொம்பப் பேசுற பசங்கள வெளிய நிக்க வெக்கலாமா?" என்றார்.

"முதல்ல நீங்க ஒரு பீரியட் நின்னு பாருங்க மேடம்" என்றேன்.

நல்ல ஜோக் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து பயிற்சிக் கையேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.