ஜாகிரின் பெட்டியோடு லப்பைக்குடிக்காட்டுக்கு

காலை எட்டு மணிக்கு மணப்பாறையில் மைத்துனரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பின் இருக்கையில் ஜாகிரின் பெட்டி இருந்தது. சார்ஜாவில் கார் ஏ.சி. பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவர் மெக்கானிக், நான் ஸ்டோர் கீப்பர். ஆறு வருடம் ஒரே அறையில், அவர் மேல் கட்டிலிலும் நான் கீழ்க் கட்டிலிலுமாகப் படுத்தோம். ஜூலையில் ஒருநாள், சாலையோரம் நின்றுபோன வண்டியைப் பார்க்கத் தனியாகப் போனவர் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்தோம். செப்டம்பரில் விடுமுறை கிடைத்ததும் அவருடைய சாமான்களை வீட்டில் சேர்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பத்து மணி. பாடாலூரைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போயிருப்பேன். முகத்தில் அடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று திடீரென்று வெதுவெதுத்தது. ஃபேனைக் கூட்டினேன். காற்று கூடியதே தவிரக் குளிரவில்லை. ஓரங்கட்டி, என்ஜினை அணைக்காமல் பானட்டைத் திறந்தேன். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசரின் முன்னால் இருக்கும் தட்டு மட்டும் சுற்றாமல் நின்றது. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்பதுதான் என் வேலை. ஜாகிரைக் கேட்கலாம் என்று கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், போனையும் எடுத்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. லாரிகள் கடந்துபோய்க்கொண்டிருந்தன. பானட்டை மூடினேன்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு சிறுவாச்சூரைக் கடந்து பெரம்பலூர் நாலு ரோட்டுக்கு வந்தபோது பத்து ஐம்பது. விசாரித்ததில் அரியலூர் சாலையில் ஒரு ஏ.சி. பட்டறையைக் காட்டினார்கள். அதன் உரிமையாளர் செல்வத்துக்கு நாற்பது வயதிருக்கும்.

“எப்ப சார் நின்னுச்சு? மெதுவாப் போறப்பவா, நல்ல ஓட்டத்துலயா?”

“நல்ல ஓட்டத்துலதான். திடீர்னு.”

மீட்டரை மாட்டி கேஸைப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. பிறகு ஹாரனுக்கு மின்சாரம் விடும் ரிலேயைப் பிடுங்கி ஏ.சி. ரிலே இருந்த இடத்தில் செருகினார். டக் என்ற சத்தத்தோடு தட்டு சுற்ற ஆரம்பித்தது.

“ரிலேதாங்க போயிருச்சு. சூடானதும் வுட்டுருது. கம்ப்ரசருக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க.”

நூற்று எண்பது ரூபாய்க்குப் புது ரிலே போட்டார். காற்று குளிர்கிறதா என்று கதவைத் திறந்து கை நீட்டியவர், பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டார்.

“இது நம்ம ஜாகிர் பெட்டியா?”

அவரும் ஜாகிரும் இதே பட்டறையில் ஒன்றாகத் தொழில் கற்றவர்களாம். சாவுச் செய்தி வந்த அன்றே லப்பைக்குடிக்காட்டுக்குப் போய் வந்திருக்கிறார். நான் யார் என்று சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

“வுளுந்தப்ப பக்கத்துல யாரும் இல்லியாமே. ஒரு போன்கூடவா யாருக்கும் பண்ணல?”

“தெரியலைங்க” என்றேன்.

பொய். அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஜாகிர் என்னைக் கூப்பிட்டார். சரக்கு வந்து இறங்கிய நேரம். ஏதாவது சாமான் கேட்பார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அரை மணி கழித்து நான் கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள். இரண்டு மாதமாக இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

“அவன் சம்சாரம் நஸீமா உங்களையும் கேக்கும்ணே” என்றார் செல்வம். “போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் அதத்தான் கேக்குது, கடைசியா யாருகிட்ட பேசுனாங்கன்னு. உங்ககிட்ட பேசுனதா ஏதாச்சும் சொல்லிருங்க. புள்ளயப் பத்திச் சொன்னான்னு சொல்லுங்க. அது மனசு ஆறும்ல?”

குன்னம் வரைக்கும் அந்தப் பொய்யைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இருபுறமும் முழங்கால் உயர மக்காச்சோளம், இடையிடையே பருத்தி. காருக்குள் நன்றாகக் குளிர்ந்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.

பன்னிரண்டரைக்கு லப்பைக்குடிக்காடு. ஜாகிரைப் பெற்ற அத்தா வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நஸீமா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத ஒரு கை மட்டும் தெரிந்தது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சட்டைகள், தொழுகை விரிப்பு, விலைச்சீட்டு கிழிக்காத ஒரு குட்டிக் கவுன்.

“அண்ணே” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அன்னிக்கு உங்ககிட்ட பேசுனாங்களா?”

ஒத்திகை பார்த்த வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்தன. அந்தக் கவுன் என் கையிலேயே இருந்தது.

“அங்க பதினொரு மணிக்குக் கூப்புட்டாரும்மா. நான் எடுக்கல. வேலையா இருந்தேன். எடுத்திருக்கணும்.”

கவுனைச் சட்டைகளின் மேல் வைத்தேன். 

“அதுக்கு முன்னாலயே எனக்குத்தாண்ணே பண்ணாங்க. புள்ளயக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். அடிச்சு நின்னுச்சு. அப்பறம் பேசிக்கலாம்னு வுட்டுட்டேன்.” குரல் உடைந்தது. “நான் எடுக்கலன்னாலும், வேற யாராச்சும் எடுத்திருப்பாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

பெரியவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது. “ஏம்மா, எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா” என்றார். உள்ளே அழுகை கேட்டது. வாய்விட்டு, அடக்காமல்.

சாப்பிடாமல் விடவில்லை. மூன்றரைக்குப் புறப்பட்டேன். கார் வரைக்கும் வந்த பெரியவர், “இன்னிக்குத்தான் தம்பி அது அழுவுது. இத்தனை நாளா கல்லு மாதிரி இருந்துச்சு” என்றார். அது நல்லது என்று சொல்கிறாரா, நான் செய்தது தப்பு என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. 

திரும்பும்போது அரியலூர் வழியாக வந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. உண்மையைச் சொல்லிவிட்டதில் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கட்டிய மனைவியையும், ஆறு வருடம் ஒரே அறையில் இருந்த என்னையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாவதாக யாரைக் கூப்பிடலாம் என்று அந்த மனிதர் யோசித்திருப்பாரே, அதுதான் திருச்சி வரும்வரை என்னோடு வந்தது.