வீரபாண்டி வளர்த்த கீரை

வீரபாண்டியைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவன் என்று சொல்லவும் வரவில்லை. நான் பிக்கப் டிரைவர். பேர் வாசு, ஊர் பட்டுக்கோட்டை. குவைத்தில் வஃப்ரா பக்கத்துத் தோட்டங்களில் காய்கறி ஏற்றி அப்பாசியா கடைகளில் இறக்குவது என் வேலை. அந்த ரோட்டில் எத்தனையோ தோட்டம், எத்தனையோ ஆள். இவன் ஒருத்தனை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

கம்பத்துப் பக்கத்து ஆள் அவன். உப்புத் தண்ணீரையும் வெறும் மணலையும் கொடுத்தால் தக்காளியாக மாற்றித் தருவான். அவனுடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, தோட்டத்தில் வளர்க்கிற தன் புறாக்களைப் பார்க்க வியாழக்கிழமை சாயங்காலம் வருவார். அப்படியே தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இவனை ‘முஹந்திஸ்’ என்று கூப்பிட்டு முதுகில் தட்டுவார். இஞ்சினியராம்! ஐயாவுக்குத் தலைகால் புரியாது. அடுத்த தோட்டத்தில் ஒரு செடி வாடி நின்றால் போதும், கூப்பிடாமலே போய் நின்று நாலு குறை சொல்லிவிட்டு வருவான். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது. கைராசிக்காரன் என்ற நினைப்பு ஒன்றுதான் அவனுக்குப் போதை.

அந்த நினைப்பில் ஒரு முள் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், ஊரில் வேலை இல்லாத ஒரு வருஷம், யாரோ ஒருத்தனுடைய கஞ்சாத் தோட்டத்துக்குக் காவலாக மலைமேல் போயிருக்கிறான். சாரல் பிடித்தது, விடவே இல்லை. காற்று செடிகளைப் படுக்கப் போட்டது. இவன் ஒவ்வொன்றையும் நிமிர்த்திக் குச்சி நட்டுக் கட்டினானாம். அறுக்கிற சமயத்தில் பார்த்தால் பூவெல்லாம் பூஞ்சை பிடித்துக் கறுத்துக் கிடந்தது. தோட்டக்காரன், நீயெல்லாம் ஒரு விவசாயியா என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்து மலையிலிருந்து இறக்கிவிட்டான். போலீஸில் மாட்டாமல் தப்பித்தோமே என்று சந்தோஷப்பட வேண்டியவன், அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறான். என்ன சொல்ல!

2004ஆம் வருஷக் குளிர்காலத்தில், புறாக்கூண்டுக்குக் கீழே சிந்திக்கிடந்த தீனியிலிருந்து என்னென்னவோ முளைத்தன. அதில் கஞ்சாவும் இருந்தது. பறவைத் தீனியில் அந்த விதையும் கலந்து வரும் என்பது எனக்கே அப்புறம்தான் தெரியும். அவனுக்கோ இரண்டு இலை விட்டதுமே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டான். அதோடு நின்றிருந்தால் நான் இன்றைக்கு இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். ஒன்றை மட்டும் மண்ணோடு பெயர்த்துக்கொண்டுபோய் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைத்தான். விற்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஒரே ஒரு தடவை கடைசிவரைக்கும் விளைய வைத்துப் பார்த்துவிட்டு, அறுத்துக் குழியில் போட்டு மூடிவிடலாம் என்று எண்ணினானாம். இப்படி ஒரு கிறுக்கு.

தோட்டத்தில் அவனோடு வேலை செய்தவர் கந்தையா அண்ணன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவர் மனைவி சிவகொழுந்து சால்மியாவில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி அவருக்கு லீவு. அப்பாசியாவில் ஒரு சொந்தக்காரர் ரூமில் புருஷனும் பெண்டாட்டியும் சந்தித்து, ஒரு வேளை சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுப் பிரிவார்கள். அண்ணனை ஏற்றிக்கொண்டு போவதும் கொண்டுவந்து விடுவதும் நான்தான். வண்டியில் ஏறினால் சிவகொழுந்துக்கு இன்னது பிடிக்கும், இன்னது ஆகாது என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டு மறுபடி அங்கேயே வருவார்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிற்பது என்ன செடி என்று அவர் ஒருநாள் கேட்டிருக்கிறார். வீரபாண்டி யோசிக்காமல் சொன்னான்:

“புளிச்சகீரைண்ணே. எங்க ஊருக் கீரை. விதைக்கு விட்டுருக்கேன், பறிச்சுராதீங்க.”

இரண்டுக்கும் இலை விரல் விரித்த மாதிரிதான் இருக்கும். பழகினவனுக்கு வித்தியாசம் தெரியும். அண்ணனுக்குத் தேயிலை தெரியும், தக்காளி தெரியும், புளிச்சகீரை தெரியாது. நம்பிவிட்டார். நம்பினதோடு விடவில்லை. வீரபாண்டி காய்ச்சலில் கிடந்தபோது அந்தச் செடிக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றினார்.

வெயில் காலம் தொடங்குமுன் அங்கே ஒரு காற்றுமழை வரும். அரபிகள் அதற்கு சராயாத் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. முதலில் வானம் செங்கல் நிறத்துக்குப் போனது. அப்புறம் புழுதி, அப்புறம் மழை, கடைசியில் ஆலங்கட்டி. தக்காளிக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் கூடாரங்கள் கிழிந்து பறந்தன. கந்தையா அண்ணன் தனியாக ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, தம்பி, தம்பி என்று கத்தியிருக்கிறார். தம்பி அங்கே இல்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஆளுயரம் வளர்ந்து பூ விட்டிருந்த செடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தான். அப்படியும் அது நடுவில் முறிந்தது. மலையில் ஒரு தடவை, மணலில் ஒரு தடவை. அன்றைக்கு அவன் சோறு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் அண்ணனுக்கு லீவு வெள்ளி. காலையில் வீரபாண்டி தோட்டத்தின் அந்தக் கோடியில் கம்பிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அண்ணன் கிளம்புகிறபோது முறிந்த கிளைகள் ஈரத்தோடு கிடந்ததைப் பார்த்திருக்கிறார். இனிமேல் விதைக்கு ஆகாது, வெயில் ஏறினால் வாடி வீணாகிவிடும், சிவகொழுந்து கீரை சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. அவ்வளவுதான் அவர் நினைத்தது. ஒரு கட்டு கட்டி, பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார்.

என்ன அண்ணே இப்படி நாறுகிறது என்று கேட்டேன்.

“ஈரத்துல அப்பிடித்தான் இருக்கும். தம்பி ஊருக் கீரை, வேகவச்சா வாசம் போயிரும்,” என்றார்.

எங்கள் ஆட்களிடம் மிஸ்டு கால் என்று ஒரு பாஷை உண்டு. ஒரு ரிங் அடித்து வைத்தால், லோடு இருக்கிறது, வா என்று அர்த்தம். பேச வேண்டியிருந்தால்தான் விடாமல் அடிப்பார்கள். அன்றைக்கு ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது வீரபாண்டி நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றது. புயலில் உதிர்ந்த தக்காளியை அள்ளிக் கொடுக்கக் கூப்பிடுகிறான், அண்ணனை இறக்கிவிட்டுத் திரும்புகிறபோது எடுத்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே போனேன். உண்மையில் அவன் திரும்பிவந்து கிளைகளைக் காணாமல், அண்ணனையும் காணாமல், நடந்ததைப் புரிந்துகொண்டு அடித்த போன் அது. அடித்துவிட்டு, நான் எடுத்தால் என்ன சொல்வது என்று பயந்து வைத்துவிட்டான். கீரையைத் தூக்கி வெளியே போடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு வாய் வரவில்லை அவனுக்கு.

செக்போஸ்ட்டில் வழக்கமாகக் கையை ஆட்டி விட்டுவிடுவார்கள். அன்றைக்கு நிறுத்தினார்கள். போலீஸ்காரர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார், உடனே முகம் மாறியது. அண்ணன் தானாகவே பேப்பரைப் பிரித்துக் காட்டினார். சாப்பாடு, சாப்பாடு என்று கையை வாயில் வைத்துச் சைகை செய்தார். எங்கள் இரண்டு பேர் கையிலும் விலங்கு மாட்டிய பிறகும் அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து, கீரை கொண்டுபோகக் கூடாதா இந்த நாட்டில் என்று கேட்டார்.

டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, கட்டு என்னுடையது, புறாக்கூண்டு இருக்கிற தோட்டத்தில் கீரை என்று நினைத்துப் பறித்தேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதில், சில நாளில் என்னை விட்டுவிட்டார்கள். அவர் சொன்னதைச் சரிபார்க்கத் தோட்டத்துக்கும் ஆள் போனது. செடியின் அடித்தண்டு அங்கே நின்றிருந்தால், தீனியிலிருந்து முளைத்ததுதான் என்று கஃபீலும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். ஆனால் வீரபாண்டி அதை வேரோடு பிடுங்கி எரித்து, சாம்பலை எருவில் கலந்து, மண்ணை நிரவி வைத்திருந்தான். இங்கே அப்படி ஒரு செடி இருந்ததா என்று அவனிடம் கேட்டார்கள்.

“மாஃபி,” என்றான்.

இல்லை என்கிற அந்த ஒரு சொல்லோடு அண்ணன் பொய்க்காரர் ஆகிவிட்டார். செடியே இல்லாத இடத்தில் கட்டு எங்கிருந்து வந்தது? யாரிடம் வாங்கினாய், யாருக்குக் கொண்டுபோனாய் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம்!

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது சிவகொழுந்து அக்கா ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு, அடுத்த லீவில் என் வண்டியில் ஏறி, தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். வீரபாண்டி தக்காளிப் பாத்தியில் குனிந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தவன் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டான். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தானாம். திட்டியிருந்தால் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, அவரு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. அது கீரை இல்லையாம். தெரியாம நீங்களும் விதைக்கு விட்டுட்டீங்கன்னு சொன்னாரு. மறுபடி எங்கயாச்சும் மொளைச்சுதுன்னா சட்டியில போட்டுறாதீங்க. ஒங்களுக்கு ஏதும் ஆயிறக் கூடாதுன்னுதான் அவருக்குக் கவலை.”

வீரபாண்டியின் வாய் திறந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்றுதான் எனக்கும் பட்டது.

“சரிங்க மதினி,” என்றான்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு வண்டிக்கு நடந்தார். கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்தது. அண்ணன் இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு, அங்கிருந்தே விமானம் ஏற்றி அனுப்பப்பட்டார். அக்காவும் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகுதான் வீரபாண்டி என் வண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மலைமேல் வாங்கிய அறையிலிருந்து, அடித்து வைத்த போனிலிருந்து, மாஃபி வரைக்கும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் இப்போது அடுத்த தோட்டத்துக்குக் குறை சொல்லப் போவதில்லை. கஃபீல் முஹந்திஸ் என்று கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். கீரையைத் தட்டில் கண்டால் எழுந்துவிடுகிறான்.

போன குளிர்காலம் நான்தான் ஹட்டன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். மன்னிப்பாவது கேள், மனுஷனாகப் பிழைத்துப் போ என்றேன். வண்டியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். கந்தையா அண்ணன் எடுத்தார். குரல் இளைத்திருந்தது. யாரென்று தெரிந்ததும், தம்பியா, நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று ஒரே சந்தோஷம்.

“அண்ணே, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்,” என்றான் வீரபாண்டி.

“சொல்லுங்க தம்பி.”

கண்ணாடிக்கு வெளியே வானம் துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. பொட்டு மேகம் இல்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இங்க நல்ல மழைண்ணே.”

“ஐயோ, அப்ப நீங்க போய்த் தக்காளிய மூடுங்க தம்பி. நாம அப்புறமாப் பேசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, அண்ணன் அவசரமாகப் போனை வைத்தார்.