அண்ணன் பெயரில் போன என் சளி

என் அண்ணன் செத்து நாற்பது நாள் ஆகியும் ஒரு தாளில் அவன் 'குணமடைந்தார்' என்றே இருந்தான். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. சோதித்த சளியில் கிருமி இல்லைதான். ஆனால் அது அவன் சளி இல்லை. என்னுடையது. இது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் போய்விட்டதால் எனக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே அறையில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேர் இருந்தோம். நான் எட்டாவதோடு நின்றவள். ஒரு வெண்டர் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். அட்டைத் தூசியில் எனக்கு வருஷம் முழுக்க நெஞ்சில் சளி. அம்மா இன்னொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். அண்ணன் கார் சீட் செய்யும் இடத்தில் கான்ட்ராக்ட் லேபர்.

அவனுக்கு டிபி என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அங்கேயே ஒரு அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டார். டிபி மாத்திரை பற்றிய ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவர். மாதாமாதம் ஸ்கூட்டியில் வீட்டுக்கும் வருவார். கேள்வி கேட்டுக் கேட்டு எழுதுவார். எத்தனை பேர் ஒரே அறையில் தூங்குகிறீர்கள், சுகர் இருக்கா, எடை எவ்வளவு குறைந்தது, பீடியா சிகரெட்டா.

"குடிப்பீங்களா?"

"சம்பளத்தன்னிக்கு மட்டும்" என்றான் அண்ணன்.

"அத குடிக்கிறதுன்னு எழுதிக்கட்டுமா?"

"அது கோயிலுக்குப் போற மாதிரிக்கா. பழக்கம்னு சொல்ல முடியாது."

"சரி, இந்த வியாதி வர்றதுக்கு வேற எதாச்சும் காரணம் இருக்கும்னு நெனைக்கிறீங்களா?"

"எங்க சூப்பர்வைசர் மூஞ்சிய எழுதிக்கோ."

அந்த அக்கா சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே மாத்திரதான் ஆரம்பிக்கிறோம்மா. சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. யாருக்குக் கேக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சா காப்பாத்திரலாம். அதுக்குதான் இத்தன கேள்வி. ரெண்டாம் மாசம் எடுக்கற சளி ரொம்ப முக்கியம். அதுல கிருமி இருந்தா, மாத்திரைய மாத்தணும்னு அர்த்தம்."

நான் தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டிபி என்று தெரிந்ததுமே, ஆள் எடுக்கும் கான்ட்ராக்டரின் மேஸ்திரி, கம்பெனி கேட்டில் எல்லோர் முன்னாலும் அண்ணனின் ஐடி கார்டைக் கழுத்திலிருந்து இழுத்து அறுத்திருந்தான். நாடா அறுத்த கோடு கழுத்தில் சிவப்பாக இருந்தது. 'நெகட்டிவ் பேப்பர் இல்லாம இந்தப் பக்கம் வந்த, கால ஒடச்சிருவேன்' என்றானாம். இரண்டு மாதம் அண்ணன் வீட்டில் கிடந்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டான், அதற்கு நானே சாட்சி. ஆனால் வெறி பிடித்தவன் போலிருந்தான். தட்டைத் தூக்கி அடிப்பான். கதவில் குத்தி விரல் முட்டியைப் பேர்த்துக்கொண்டான். ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று சட்டியை என் காலடியில் போட்டு உடைத்தான். சுடுகுழம்பு பட்ட தழும்பு கணுக்காலில் இன்னும் இருக்கிறது.

இரண்டாம் மாதச் சளிக்கு, எண் எழுதிய மூடியோடு ஒரு டப்பா கொடுத்து அனுப்பினார்கள். காலையில் எழுந்ததும் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும். அம்மா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"துப்புடி."

"எதுக்குண்ணா?"

"கேள்வி கேக்காத. எச்சி வேணாம். நெஞ்சுலேர்ந்து வரணும்."

"உன்னுத கேட்டா என்னுத குடுப்பியா? மாத்திரதான் கரெக்டா துன்னுகினு கீறியே. நெகட்டிவ்வாதான் வரும்."

"வரலன்னா? இன்னும் எத்தினி மாசம் இங்க குந்திகினு கீறது? நீயா போய் கேட்ல நிப்ப?"

"அந்த அக்கா இன்னா சொல்லிச்சு, இந்த சளிதான்..."

முடிக்கவில்லை. முதுகில் விழுந்தது. கை இல்லை, முஷ்டி. இருமல் வரவேண்டும் என்பதற்காகவே இரண்டு தோளுக்கும் நடுவில் குறிபார்த்துக் குத்தினான். மூன்றாவது குத்தில் குழாயில் முகம் மோதி உதடு கிழிந்தது. இருமினேன். டப்பாவில் விழுந்ததில் சிவப்பு கலந்திருந்தது. அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ரத்தம் கீது. டவுட்டு வரும்."

அதைக் கொட்டிவிட்டு, பனியன் நுனியால் உள்ளே துடைத்து, மறுபடி நீட்டினான். என் முடியைச் சுற்றிப் பிடித்துத் தலையைக் குனிய வைத்தான். உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு இருமினேன். வெள்ளையாக வந்தது. மூடியைத் திருகி மூடினான். போகும்போது வாசலில் நின்று, "வலிக்குதா?" என்று கேட்டான். நான் வாயில் வைத்திருந்த தண்ணீரைக் கொப்பளித்தேன்.

அவனுடையதைக் கொடுத்திருந்தாலும் நெகட்டிவ் வந்திருக்குமோ என்னமோ. வந்திருக்காவிட்டால் மாத்திரையை மாற்றியிருப்பார்கள். எது என்று இனி யாருக்கும் தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் எதையாவது உடைக்கத் தோன்றுகிறது.

பேப்பர் வந்தது. வேலைக்குப் போனான். வீடு அமைதியானது. அம்மாவுக்குப் பூ வாங்கி வந்தான், எனக்கு சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹெட்போன். ஆனால் அந்த மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் செங்கல் நிறத்தில் போகும். கம்பெனி டாய்லெட்டில் பக்கத்தில் நின்றவன் பார்த்துவிட்டான். "இன்னாடா, ஃபேன்டா வுடற?" என்று லைன் முழுக்கப் பரப்பிவிட்டானாம். அண்ணன் அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தான். மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டான்.

எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் செருகியிருந்தன. அத்தனையையும் அள்ளி அவன் மூஞ்சியில் எறிந்தேன்.

"செத்துப் போயேன்! ஒரேடியா செத்துப் போயேன்டா!"

அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்தான். நான் அவன் கையைக் கடித்தேன், தோல் வாயோடு வந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றோம். அவன் இருமினான். அந்த இருமலின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மாட்ட சொல்லாத" என்றான். நான் சொல்லவில்லை. ஆய்வு அக்கா மாதாமாதம் வந்து மாத்திரையைப் பற்றிக் கேட்டபோதும் சொல்லவில்லை. "ஒரு வேளகூட வுடலக்கா" என்று அவன் சொல்ல, நான் பக்கத்தில் நின்றேன்.

ஆறாம் மாதம் முடிந்து கடைசிச் சளி கேட்டார்கள். அந்தக் காலையில் அவன் டப்பாவைக் குழாய் மேடை மேல் வைத்துவிட்டு, வெளியே போய் நின்றான். அவன் என்னை அடிக்கவில்லை. கேட்கக்கூட இல்லை. நானே இருமி, நானே மூடி, அவன் கையில் கொடுத்தேன். அந்த ஒரு ஞாயிறு தவிர வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்த நாலு மாதம் எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதில்தான் 'குணமடைந்தார்' வந்தது.

இன்னும் ஐந்து மாதம் தாங்கினான். மாஸ்க் போட்டுக்கொண்டு ஓவர்டைம் பார்த்தான். மேஸ்திரிக்கு அந்த இருமல் கேட்காமல் இருந்திருக்காது. ஆள் பற்றாக்குறை, அதனால் கண்டுகொள்ளவில்லை. ஒரு காலை குளிக்கப் போனவன் கதவை உதைக்கிற சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் ஓடினோம். வாயிலிருந்து ரத்தம் வாந்தி போல் இல்லை, குழாய் உடைந்த மாதிரி வந்தது. பக்கெட், சுவர், சோப்பு டப்பா எல்லாம். கண்ணைப் பெரிதாகத் திறந்து என் கையைப் பிடித்தான். நகம் உள்ளே இறங்கியது. அம்மா துண்டை அவன் வாயில் வைத்து அழுத்த, நான் "மூச்சு வுட முடியாதும்மா!" என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவள் சுவரில் போய் விழுந்தாள்.

ஆட்டோவில் போட்டோம். ஒரகடம் சிக்னலில் கன்டெய்னர் லாரிகள் முன்னும் பின்னும் நின்றன. ஹாரனை அமுக்கியபடியே ஆட்டோக்காரர் கெட்ட வார்த்தையில் கத்தினார். அண்ணன் என் மடியில் ஒருமுறை துள்ளினான், மீனைத் தரையில் போட்ட மாதிரி. அதோடு சரி. பச்சை விழுந்தபோது அவன் இல்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனிமேல் அந்த டப்பா வராது என்ற நினைப்பு. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மா எல்லோரிடமும் மாரடைப்பு என்று சொன்னாள். எங்கள் பக்கம் டிபி வந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். வாலாஜாபாத்திலிருந்து எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மேஸ்திரி மாலையோடு வந்தான். "தங்கமான பையன். மாரடைப்பு யாருக்கு வேணா வரும்மா, இன்னா பண்றது" என்றான். நான் மாலையைப் பிடுங்கி, அதாலேயே அவன் முகத்தில் அடித்தேன். நார் கண்ணில் பட்டிருக்க வேண்டும், முகத்தைப் பொத்திக்கொண்டான். தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். அது அவன் காதோரம் பட்டது. ரத்தம் வந்ததைப் பார்த்து எனக்கு நன்றாக இருந்தது. நாலு பேர் என்னைப் பிடித்தார்கள்.

"பொம்பளப் புள்ளன்னு பாக்கறன்!" என்று கத்திக்கொண்டே போனான். கம்பெனிக்கு ஆள் ஏற்றும் அதே வேனில், அண்ணனோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து போனவர்களை மறுநாளும் ஏற்றிக்கொண்டு போனான். அவர்களில் ஒருத்தன் துக்கத்துக்கு வந்து வாசலில் நின்று இருமியது என் காதில் நின்றுவிட்டது.

நாற்பதாம் நாள் வாக்கில் ஆய்வு அக்கா வந்தார். குணமானவர்களையும் ஒரு வருஷம் வந்து பார்க்க வேண்டுமாம். படத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்துச் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எப்டிம்மா?"

"மாரடைப்பு" என்றாள் அம்மா. "தூக்கத்துலயே."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு உட்கார்ந்து தாளை எடுத்தார். "டிபி திரும்ப வந்த மாதிரி எதாச்சும் இருந்துச்சா? இருமல், சளி?"

"அதெல்லாம் சுத்தமா நின்னுபோச்சு. நீங்கதான் சர்ட்டிபிகேட் குடுத்தீங்களே."

பேனா கீழே இறங்கியது. அது எழுதிவிட்டால், இந்த மாத்திரையில் குணமானவர்களின் பக்கம் அண்ணன் போய்ச் சேர்வான். அவனைப் போலக் குடித்தவனுக்கும், ஒரே அறையில் மூன்று பேராகப் படுத்தவனுக்கும் மாத்திரை கேட்டது என்று ஆகும். வேனில் இருமுகிறவனை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

"அக்கா, எழுதாத" என்றேன். "அது டிபிதான். ரத்தம் கக்கி செத்தான்."

"வாய மூடுடி!" அம்மா எழுந்துவிட்டாள்.

"அந்த சளி அவன்து இல்ல. ரெண்டு வாட்டியும் என்னுது. மாத்திர மூணாம் மாசமே வுட்டுட்டான். எனக்குத் தெரியும்."

அம்மா கையில் கிடைத்தது துடைப்பம். தலை, முகம், தோள் என்று பார்க்கவில்லை. அடி மாறிப்போய் பிடிக்கட்டை நெற்றியில் விழுந்தது. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அக்கா குறுக்கே வந்து இரண்டு அடி வாங்கினார்.

"என் புள்ளய கொன்னுட்டியேடி! சொல்றதுக்கு இன்னா! ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி!"

"அடிச்சுதாம்மா வாங்கனான்" என்றேன். "குழாய்ல முட்டி உதடு கிழிஞ்சுதே, வழுக்கி வுழுந்தேன்னு சொன்னேனே, அன்னிக்கு."

அம்மா நின்றாள். துடைப்பத்தைக் கீழே விட்டாள். என் கிழிந்து ஒட்டின உதட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது, எனக்குத் தெரிந்தது.

"ரெண்டாவது வாட்டியும் அடிச்சானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. செத்தவன் மறுத்துப் பேசப் போவதில்லை. எனக்கு அம்மாவாவது மிஞ்சியிருப்பாள். அக்கா பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. நானேதான் குடுத்தேன்."

அம்மா தொட்ட கையை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டாள். அடிக்கவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா 'குணமடைந்தார்' என்பதை ஒரு கோட்டால் அடித்தார். பிறகு முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நான் நெற்றி ரத்தத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேனில் அவனோடு போனவர்கள் யார் யார், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தராகச் சொன்னேன்.