வண்டி மறந்த சாவி

என் அக்காள் கணவர் வேலை பார்த்த சரக்குக் கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதலாளி முதல் சுமை தூக்குபவர் வரை அனைவருக்கும் அவர் ‘எடைமேடை’தான். பாரம் ஏற்றிவரும் லாரிகளை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது அவர் பணி. ஓட்டுநர் எத்தனை முறை ஒலி எழுப்பினாலும், வண்டி அசைவின்றி நிற்கும் வரை அவர் முள்ளைப் பார்க்கமாட்டார். சக்கரம் மேடையின் விளிம்பில் நின்றால், எழுந்து போய்ச் சொல்லவும் மாட்டார்.

“வண்டிதான் மேடைக்கு வரணும். மேடை எழுந்து வண்டிகிட்ட போகுமா?” என்பார்.

ஓய்வு பெறும் வரையில் அவர் கொடுத்த சீட்டில் எவரும் குறை கண்டதில்லை. ஆனால் அந்த வழக்கத்தை அவர் கிடங்கின் வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. உறவினர் வீட்டுக்கு அவராகப் போவது அரிது. தொலைபேசியில் அவராக அழைப்பது அதனினும் அரிது. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். மழை ஒழுகினால்கூட நான்தான் இறங்கிப் போய்ச் சொல்லவேண்டும்.

அவருக்கு ஒரே மகள். விடுமுறை நாட்களில் கிடங்கின் காலியான முற்றத்தில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் உரிமம் பெற்ற அன்று, வண்டியோடு வந்த இரண்டு ரிமோட் சாவிகளில் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து, “இது உன்னோடது” என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் கணக்கில் அது பெரிய சொற்பொழிவு.

பின்னர், அவர் சொல்லி வாங்கிக் கொடுத்த கிடங்கு அலுவலக வேலையை அவள் விட்டுவிட்டு, வேறோர் ஊரில் தோழி நடத்தும் அச்சகத்தில் சேரப்போவதாக அறிவித்தாள். வேலையை விட்டது அவரைப் புண்படுத்தவில்லை. முன்கூட்டித் தம்மிடம் சொல்லாததே புண்படுத்தியது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களாப்பா?”

“அப்ப இனிமேலும் சொல்ல வேண்டாம்.”

அவள் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினாள். “அப்பா மாத்திரை போட்டுக்கிறாரா?” என்று அவள் கேட்பதும், “என்ன சொல்றா?” என்று இவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பதும் அக்காள் வழியாகவே நடந்தன. அவள் கைப்பையில் போன சாவியை மட்டும் அவளும் திருப்பி அனுப்பவில்லை, இவரும் கேட்கவில்லை. “அது அவகிட்ட இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லடா தம்பி” என்பாள் அக்காள்.

இவரிடம் இருந்த சாவி தேய்ந்தது. பொத்தானின் ரப்பர் கிழிந்து, பெருவிரல் நகத்தை உள்ளே விட்டு அழுத்தினால்தான் கார் திறந்தது. ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு சாவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பழைய வண்டிங்களே சார். இந்தச் சாவியைக் கம்பெனியிலேயே நிறுத்திட்டாங்க. வெளியில தேடி வரவழைக்கிறேன். ஆனா ஒண்ணு, வரும்போது வீட்ல இருக்கிற எல்லாச் சாவியையும் எடுத்துட்டு வாங்க. புதுசைப் பதிவு பண்ணும்போது வண்டி பழசை எல்லாம் அழிச்சிடும். அந்த நேரம் கையில இருக்கிறதை மட்டும்தான் மறுபடி சேர்க்க முடியும்.”

“கையில இல்லாத சாவி?”

“இரும்பு முனையால கதவு திறக்கும். பொத்தான் வேலை செய்யாது, வண்டியும் கிளம்பாது. வண்டிக்கு அது யாரோ எவரோ.”

சாவி வந்து சேர்ந்ததும் மீண்டும் போனோம். “வேற சாவி எதுவும் இல்லையே சார்?” என்றார் கடைக்காரர்.

“இல்லை.”

நான் அத்தானை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்றேன்.

“அத்தான், பாப்பாகிட்ட ஒண்ணு இருக்கே?”

“அவ அங்க இருந்துக்கிட்டு இந்த வண்டியையா ஓட்டப் போறா?”

“ஓட்டலைன்னா என்ன? ஒரு போன் போடுங்க. கூரியர்ல வந்துடும். இதைச் சாக்கா வெச்சு ரெண்டு வார்த்தை பேசினமாதிரியும் ஆச்சு.”

அவர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். மகளின் எண் திரையில் தெரிந்ததை நான் கண்டேன். திரை தானே அணையும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “பண்ணிடுங்க” என்றார் கடைக்காரரிடம். வீடு திரும்பும் வழியில், “உங்க அக்காகிட்ட சொல்ல வேண்டாம்” என்றார். வாக்குக் கொடுத்த நானும் வாயைத் திறக்கவில்லை.

அக்காளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பு, மின்விசிறியைத் துடைக்க ஏணியில் ஏறிய அத்தான் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். கிளட்சை மிதிக்க முடியாது. எனக்கோ சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. அக்காள் அவரிடம் சொல்லாமலே மகளை அழைத்தாள். “நான் வர்றேம்மா, என்கிட்டதான் சாவி இருக்கே” என்றாளாம் அவள்.

சிகிச்சைக்குரிய நாள் காலையில், தெருவே அதிரும்படி காரின் திருட்டு எச்சரிக்கை மணி அலறியது. மாடிப்படியில் இறங்கி ஓடினேன். கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். பேருந்திலிருந்து இறங்கியவள், வண்டியைத் துடைத்துத் தயார் செய்துவிட்டு மணியை அழுத்தலாம் என்று நினைத்திருக்கிறாள். பொத்தான் வேலை செய்யவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சாவியின் இரும்பு முனையால் திறந்துவிட்டாள்.

எதிர் வீட்டுக்காரர் சன்னல் வழியே, “யாரும்மா அது? யார் வண்டியைத் திறக்கிற?” என்று கத்தினார்.

“என் வண்டிதாங்க” என்றவள், ஒரு கணம் நிறுத்தி, “எங்க அப்பா வண்டி” என்றாள்.

அத்தான் நொண்டிக்கொண்டே வந்து புதிய சாவியை அழுத்தினார். அலறல் நின்றது. அவள் தன் கையிலிருந்த சாவியையும் அவர் கையிலிருந்ததையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“மாத்திட்டீங்களாப்பா?”

“மாத்தலைம்மா. புதுசு ஒண்ணு செஞ்சேன். அப்ப கையில இல்லாத சாவியை வண்டி மறந்துடுமாம்.”

“செய்யறதுக்கு முன்னாடியே அதைச் சொன்னாங்களா?”

தெரியாமல் நடந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். நானும் ஒத்து ஊதியிருப்பேன். ஆனால் பொய்ச் சீட்டு எழுதிப் பழகாத மனிதர்.

“சொன்னாங்க.”

“ஒரு போன் பண்ணியிருந்தா நானே எடுத்துட்டு வந்திருப்பேனேப்பா.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “சரி, அதைக் கொடுங்க. அம்மாவுக்கு நேரமாகுது.”

அக்காளின் கண்கட்டை அவிழ்க்கும் வரை மகள் இருந்தாள். அம்மாவோடு சிரித்தாள், “என்ன மாமா, சைக்கிளுக்காவது லைசென்ஸ் எடுத்தாச்சா?” என்று என்னைக் கேலி செய்தாள். அப்பாவுக்கு நேரந்தவறாமல் தேநீர் கொடுத்தாள். காலுக்குக் கட்டுப் போட்டாள். விருந்தினர் வீட்டில் நடந்துகொள்வதுபோல எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. புறப்படும்போது புதிய சாவியோடு தன் சாவியையும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். “இது என்கிட்ட இருந்து என்ன பண்ணப் போகுது?” என்றாள் அம்மாவிடம்.

அன்று மாலை அக்காள் அந்தச் சாவியை எடுத்து அத்தான் முன்னால் வைத்தாள்.

கால் முழுதாக ஆறுமுன்பே அவரே வண்டியை ஓட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய் மூன்று சாவிகளையும் மேசைமேல் வைத்தார்.

“அன்னைக்கு வேற சாவி இல்லைன்னீங்களே சார்?”

“இருந்துச்சு.”

கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. மகளின் சாவியை வண்டி சிறிது நேரத்திலேயே மறுபடியும் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு வந்து உட்காரக்கூட இல்லை. ஸ்பீக்கரைப் போட்டு, அவராகவே மகளை அழைத்தார். அக்காள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“உன் சாவியைச் சரி பண்ணிட்டேம்மா. இப்ப வண்டி கிளம்புது.”

“அப்படியாப்பா? நல்லது.”

“கூரியர்ல அனுப்பட்டுமா?”

அச்சு இயந்திரத்தின் ஓசைக்கு மேலாக அவள் குரல் வந்தது.

“வேண்டாம்பா. அங்கேயே இருக்கட்டும். கால் எப்படி இருக்கு?”

“பரவாயில்லைம்மா.”

“சரிப்பா, மெஷின் ஓடிட்டிருக்கு. வெச்சிடறேன்.”

அவர் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பின்னர் அக்காளிடம், “நாளைக்கு மறுபடி கூப்பிடலாம்னு பார்க்கிறேன். எந்த நேரம் அவளுக்குத் தோதுப்படும்?” என்று கேட்டார்.

அக்காளுக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும், “அதை நீங்கதான் அவகிட்ட கேக்கணும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.