நடைபாதை பாத்தியம்

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். எந்தச் சந்தில் எந்த வண்டி நுழையும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆனால் ஊருக்கு வெளியே நிலம் வாங்கியபோது, விற்றவரோடு பேசிக்கொண்டே பக்கத்து நிலத்து வழியாக நடந்து போய்ப் பார்த்தார். பத்திரத்தில் 'நடைபாதை பாத்தியம்' என்று இருந்தது. பாதைதான் இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டார். மனைவி அன்றைக்கே ஓர் எலுமிச்சங்கன்று நட்டாள்.

வீடு கட்டச் செங்கல் லாரி வந்த அன்று பக்கத்து நிலக்காரர் மறித்தார். "நடந்து போங்கண்ணே, யாரு வேணாம்னா? சக்கரம் வெச்சது எதுவும் வரக்கூடாது. உங்க பத்திரமே அப்படித்தான் சொல்லுது." ஓர் ஆள் நுழையும் அகலம் விட்டு இரண்டு கல்லும் நட்டுவிட்டார். வக்கீலும் பத்திரத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அந்த வருஷமே மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. நிலத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தாள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கற்கள் வரை வந்தார். நுழையாது என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு.

"தூக்கிட்டுப் போறேன்."

"உங்க இடுப்பத் தூக்க ஒரு ஆளு வேணும். போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனார். கன்று காய்ந்து குச்சியாக நின்றது. திரும்பி வந்தார்.

"எலுமிச்ச எப்படியிருக்கு?"

"காய்ச்சிருக்கு."

"ஒண்ணு பறிச்சிட்டு வந்திருக்கலாமே" என்றாள், அவர் வெறுங்கையைப் பார்த்தபடி.

அவர் நாற்காலியைத் திருப்பினார்.